அந்த நாற்காலியை நகர்த்தாதீங்க!

தும்பியின் வீட்டுக்கு முதல்முறை வருகிற யாருக்கும் கொஞ்சம் தலை சுற்றும். கதவில் ஒரு துண்டுச் சீட்டு. நாற்காலியில் ஒரு சீட்டு. முகம் பார்க்கும் கண்ணாடி, சோப்பு டப்பா, தலையணை, கரண்டி வைக்கிற இழுப்பறை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் மேலே நீல மையில் ஓர் ஆங்கிலச் சொல். கீழே சிவப்பு மையில் அதே சொல் ஜெர்மன் மொழியில்.

எல்லாம் தும்பியின் கைவண்ணம். அவளுக்கு வயது பத்து. உண்மையான பெயர் வேறு. ஓரிடத்தில் ஒரு நிமிஷம் உட்காரமாட்டாள் என்பதால் எல்லாரும் வைத்த பெயர் அது. ஆனால் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அதனால்தான் அம்மா அந்த வேலையை அவளிடம் ஒப்படைத்தாள்.

அம்மா ஒரு நர்ஸ். பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் வேலை. ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இப்போது ஜெர்மன் பேசுகிற ஒரு தூர நாட்டிலிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஜெர்மன் பேச்சுத் தேர்வில் அம்மா தேறவேண்டும்.

முதல் தடவை அம்மா கோட்டை விட்டுவிட்டாள். இது இரண்டாவது தடவை. இதற்கு மேல் அந்த வேலையைப் பிடித்து வைக்க முடியாது என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

தேறிவிட்டால் அம்மா முதலில் தனியாகப் போவாள். ஒரு வருஷம் கழித்துத்தான் மற்ற மூன்று பேரும் போகலாம்.

"ஒரு வருஷம்னா எத்தனை நாள்?" என்று கேட்டான் தம்பி. நாலு வயசு. உருண்டு திரண்டு இருப்பதால் அவனுக்கு உருளை என்று பெயர்.

"முந்நூத்தி அறுபத்தஞ்சு" என்றாள் தும்பி.

உருளைக்கு இருபது வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதனால் அவன் கவலைப்படவில்லை. தும்பிக்கு அதற்கு மேலும் எண்ணத் தெரியும். அதுதான் சிக்கல்.

சீட்டுகளால் வீட்டில் ரகளைக்குப் பஞ்சமே இல்லை. அப்பா ஒரு பெயிண்டர். ஊரார் சுவர்களுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பவர், தன் வீட்டுச் சுவரில் டேப் போட்டுச் சீட்டு ஒட்டினால் சும்மா இருப்பாரா?

"ரெண்டு கோட் அடிச்சு வச்சிருக்கேன்மா! டேப்பைப் பிச்சா பெயிண்டும் சேர்ந்து வந்துடும்!"

"நீங்கதான் பெயிண்டராச்சே, திரும்ப அடிச்சுக்கலாம், விடுங்க" என்பாள் அம்மா.

உருளையோ யாரும் பார்க்காத நேரத்தில் சீட்டுகளைப் பிய்த்து இஷ்டத்துக்கு ஒட்டிவைப்பான். ஒருநாள் கதவுச் சீட்டு அப்பாவின் சட்டை முதுகுக்குப் போய்விட்டது. அப்பா அதோடேயே வேலைக்குப் போய், நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்கி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

"கூட வேலை பாக்குறவங்க எல்லாரும் இன்னிக்கு என் முதுகுல தட்டித் தட்டி 'உள்ள வரலாமா'ன்னு கேட்டாங்க. என்னைப் பாத்தா கதவு மாதிரியா இருக்கு?"

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொஞ்சம்" என்றாள்.

தினமும் சாயங்காலம் ஒத்திகை நடக்கும். அம்மா வாசலில் இருந்து நடக்கத் தொடங்குவாள். தும்பி கையில் ஸ்கேலோடு பின்னாலேயே வருவாள். எதை ஸ்கேலால் தொடுகிறாளோ, அம்மா அதன் பெயரை ஜெர்மனில் சொல்லவேண்டும். சீட்டைப் பார்க்கக்கூடாது. தும்பி அதை இன்னொரு கையால் மூடிக்கொள்வாள்.

கதவு. "ட்யூர்."

உள்ளே நுழைந்ததும் இடதுபக்கம், ஒரு கால் குட்டையாகி அட்டை முட்டுக்கொடுத்த பழைய நாற்காலி. "ஷ்டூல்."

வலதுபக்கம் ஜன்னல். "ஃபென்ஸ்டர்."

சமையலறையில் இரண்டாவது இழுப்பறை. கரண்டி. "லோஃபல்."

கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அம்மாவின் வேலைப் பைக்குள் கையுறை. "ஹான்ட்ஷூ."

"கைக்கு ஷூவா!" என்று உருளை விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கப்புறம் இரண்டு நாள் அப்பாவின் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு திரிந்தான்.

அறுபத்து நாலு சொற்கள். மூன்றாவது வாரத்தில் அம்மா ஒன்றுகூடத் தப்பவிடவில்லை. தும்பிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அதே சமயம் உள்ளுக்குள் சுருக்கென்று எதுவோ குத்தியது. ஒவ்வொரு சொல்லாகப் படிக்கப் படிக்க அம்மா விமானத்துக்குப் பக்கத்தில் போய்க்கொண்டே இருக்கிறாள் அல்லவா? அதுவும் தன் கையெழுத்தைப் படித்தே!

ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. உண்மையான தேர்வுக்கு இன்னும் ஆறே நாள். மருந்துக்கடைக்கு மேலே மாடியில்தான் ஜெர்மன் வகுப்பு. அம்மாவோடு தும்பியும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வகுப்பு மேடம் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். கரண்டி.

தும்பி தனக்குள் 'லோஃபல்' என்று சொல்லிக்கொண்டாள். அம்மா திருதிருவென்று முழித்தாள்.

அடுத்த படம் நாற்காலி. அம்மா தலையை இடதுபக்கம் திருப்பினாள். அங்கே வெறும் சுவர். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஜன்னல். இந்தத் தடவை வலதுபக்கம் திரும்பினாள். அங்கே ஒரு பீரோ இருந்தது. சொல் வரவில்லை.

முப்பது படத்தில் ஒன்பதுதான் சரி.

"வீட்ல படிச்சீங்களா, சிஸ்டர்?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"தினமும் படிச்சேன் மேடம். வீட்ல எல்லாம் கடகடன்னு வருது..." என்றாள் அம்மா, படத்தையே பார்த்துக்கொண்டு.

அந்த நேரத்தில் தும்பிக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம்! 'அம்மா போகமாட்டா! அம்மா எங்கயும் போகமாட்டா!' என்று மனசு குதியாட்டம் போட்டது.

ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள். தும்பியின் மனசு போட்ட ஆட்டம் பாதியிலேயே நின்றுபோனது.

"என் மண்டைல ஏறலடி" என்றாள் அம்மா, இறங்குகிற இடம் வந்ததும். "விட்டுடலாம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே கை கழுவப் போனாள். தும்பி பின்னாலேயே நின்றாள். அம்மா ஏதோ யோசனையில் சோப்பை எடுத்தாள். உதடு தானாக அசைந்தது.

"ஸைஃபெ."

சோப்புக்கு ஜெர்மனில் அதுதான் பெயர். மாதிரித் தேர்வில் சோப்புப் படம் வந்தபோது அம்மா வாயே திறக்கவில்லை. இப்போது யாரும் கேட்காமலே வருகிறதே!

தும்பி சமையலறைக்கு ஓடினாள். ஒரு கரண்டியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து, சட்டென்று அம்மா முன்னால் நீட்டினாள்.

"அம்மா, இது என்ன?"

"அது... அது வந்து..." அம்மா நெற்றியைத் தேய்த்தாள். "பாத்தியா, வரல."

"சரி, வா." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இரண்டாவது இழுப்பறைக்கு முன்னால் நிறுத்தினாள். "இப்ப?"

"லோஃபல்" என்று சொல்லிவிட்டு அம்மா அலுப்போடு அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் எதையும் கவனிக்கவில்லை.

தும்பிக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. அம்மா எதையும் மறக்கவில்லை. வீடு முழுக்கச் சீட்டு ஒட்டி, வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து படித்ததால், ஒவ்வொரு சொல்லும் அது அது இருந்த இடத்திலேயே குடியிருந்துவிட்டது. நாற்காலி என்றதும் அம்மா இடதுபக்கம் திரும்பியதும், ஜன்னல் என்றதும் வலதுபக்கம் பார்த்ததும் அதனால்தான். வகுப்பறையில் வீட்டைத் தேடியிருக்கிறாள், பாவம்.

இது உலகத்திலேயே ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அம்மா வீட்டிலேயே இருப்பாள்.

தும்பி வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை முழுக்கத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. சொல்லாமல் மென்று விழுங்குவதே அவளுக்குப் பெரும் பாடாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா ஏதோ வேலையாக இருந்தாள். சீட்டுகளை ஒவ்வொன்றாக, சுவரின் பெயிண்ட் உரியாமல், நகத்தால் மெதுவாக எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததை மடித்து பிஸ்கட் டின்னில் போட்டாள்.

"எதுக்கும்மா டின்ல போடுற? இனிமே தேவையில்லையே?"

"உன் கையெழுத்துடி. தூக்கிப்போட மனசு வருமா?"

அவ்வளவுதான். தும்பிக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"நீ ஒண்ணும் மறக்கலம்மா! எல்லாம் உனக்குத் தெரியும்! நான் ஞாயித்துக்கிழமையே கண்டுபிடிச்சேன். ஆனா சொல்லல!" விக்கி விக்கி எல்லாவற்றையும் கொட்டினாள். சோப்பு, கரண்டி, இடதுபக்கம், வலதுபக்கம் எல்லாம்.

அம்மா டின்னைக் கீழே வைத்தாள். "ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ பாஸ் பண்ணிடுவ. பாஸ் பண்ணினா போயிடுவ."

அம்மா தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். பத்து வயசுப் பெண் மடியில் அடங்கவில்லை, கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. திட்டு விழும் என்று தும்பி காத்திருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் அம்மா. "அன்னிக்கு மேடம் ஒன்பதுன்னு சொன்னதும் எனக்கும் ஒரு நொடி சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்பாடா, உங்களை விட்டுட்டுப் போகவேணாம்னு."

தும்பி நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமாவா?"

"நெஜமா."

"அப்புறம்?"

"அப்புறம் அழுகையா வந்துச்சு. எனக்கு அந்த வேலை வேணும்டி. ரொம்ப ஆசையா இருக்கு. உங்களைப் பிரியவும் முடியல. ரெண்டும்தான் இருக்கு, என்ன பண்றது?"

தும்பிக்கும் ரெண்டும்தான் இருந்தது. அம்மா போகக்கூடாது. ஆனால் அம்மா பஸ்ஸில் அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரவும் கூடாது. பிறகு பாவாடையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னும் நாலு நாள் இருக்கு. எழுந்திரும்மா."

முதல் யோசனை படுதோல்வி. சொற்களை இடத்திலிருந்து பெயர்க்கவேண்டுமென்றால் பொருட்களை இடம் மாற்றினால் போதும் என்று தும்பி நினைத்தாள். தலையணை சமையலறைக்குப் போனது. கரண்டிகள் கட்டிலுக்கு வந்தன. நாற்காலி குளியலறையில் போய் நின்றது. உருளைக்கு ஏகக் கொண்டாட்டம். சொல்லாததையும் சேர்த்து மாற்றினான்.

அப்பா வேலை முடிந்து வந்து அக்கடா என்று உட்காரப் போனார். நாற்காலி இருந்த இடத்தில் நாற்காலி இல்லை.

"ஐயோ, என் இடுப்பு!"

அம்மாவுக்கோ இருந்ததும் குழம்பிவிட்டது. அடுப்பைக் காட்டினால் தலையணை என்றாள். தலையணையைக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு படுத்தேவிட்டாள். தும்பிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. உள்ளதும் போய்விட்டதே!

புதன்கிழமை காலை அம்மா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சோப்பு நுரை. கண்ணைத் திறக்க முடியவில்லை. கையை நீட்டிச் சுவரின் ஆணியைத் துழாவினாள்.

"ஹான்டூக் எங்கடி? இங்கதானே மாட்டியிருக்கும்?"

ஹான்டூக் என்றால் துண்டு. அது நேற்றைய களேபரத்தில் ஷூ வைக்கிற அலமாரிக்குப் போயிருந்தது. ஆனால் தும்பி துண்டை எடுக்க ஓடவில்லை. அப்படியே நின்றாள்.

"அம்மா! கண்ணைத் திறக்காத!"

"எரியுதுடி!"

"ஒரு நிமிஷம்! இப்ப உனக்கு அந்த ஆணி தெரியுதா?"

"தெரியாம என்ன? ஆணி, அதுல நீலத் துண்டு. பக்கத்துல ஷ்பீகல்." கண்ணாடியையும் அம்மா ஜெர்மனிலேயே சொன்னாள்.

"அவ்வளவுதான்மா! நாம வீட்டை மாத்தவே வேணாம். நீ போற இடத்துக்கெல்லாம் வீட்டைக் கூட்டிட்டுப் போ!"

எல்லாப் பொருளும் பழைய இடத்துக்குத் திரும்பின. தும்பி அம்மாவை வெளியே அழைத்துப்போனாள். மாடிப்படியில், பஸ் நிறுத்தத்தில், ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் என்று எங்கே உட்கார்ந்தாலும் ஒத்திகைதான்.

"கண்ணை மூடு. கதவைத் திறந்து உள்ள வா. இடதுபக்கம்?"

"ஷ்டூல்."

"வலதுபக்கம்?"

"ஃபென்ஸ்டர். வெளிய மழை வர்ற மாதிரி இருக்கு, துணியை எடுக்கணும்."

"அம்மா! துணி எல்லாம் கேக்கல!"

புதன்கிழமை ஒரு சொல் வர அம்மா நெடுநேரம் கண்ணை மூடியிருக்கவேண்டியிருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "உடம்பு சரியில்லையாம்மா? தண்ணி வேணுமா?" என்று பாட்டிலை நீட்டினார். "வாஸர்" என்றாள் அம்மா, கண்ணை மூடியபடியே. வியாழக்கிழமை மூன்று எண்ணுவதற்குள் சொல் வந்தது. வெள்ளிக்கிழமை ஒருமுறை இமைத்தால் போதும் என்று ஆனது.

சனிக்கிழமை தேர்வு. தேர்வு அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டம் இருந்தது. அப்பாவும் உருளையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தும்பி நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

தேர்வாளர் ஒரு படத்தை மேஜையில் வைத்தார். அம்மா இமைத்தாள். தலை லேசாக இடதுபக்கம் திரும்பியது. வாய் அசைந்தது. தேர்வாளர் தலையாட்டினார். அடுத்த படம். இமை. இந்தத் தடவை அம்மா முகத்தில் சிரிப்பு.

'இப்ப சமையலறைல இருக்கா' என்று தும்பி நினைத்துக்கொண்டாள். உள்ளே நடக்கிறதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. அம்மாவுக்குப் பின்னாலேயே அவளும் ஸ்கேலோடு நடந்துகொண்டிருந்தாளே.

அரைமணி நேரம் கழித்து அம்மா வெளியே வந்தாள். நேரே தும்பியிடம் வந்து அவள் உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பாஸா?" என்றார் அப்பா.

"பாஸ். ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. குடை. நம்ம வீட்லதான் குடையே இல்லையே!"

அப்பா குற்றவாளி போலத் தலையைச் சொறிந்தார். குடையைப் பஸ்ஸில் விட்டுவந்தவர் அவர்தான்.

"கடைசில தேர்வு வச்சவரு ஒரு கேள்வி கேட்டாரு. இவ்வளவு நல்லா எங்க படிச்சீங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ட்ஸு ஹௌஸெ" என்றாள் அம்மா. "வீட்லன்னு சொன்னேன்."

ஒன்றரை மாதம் கழித்து அம்மா விமானம் ஏறினாள். எல்லாரும் அழுதார்கள். அழுவது ஏன் என்று புரியாமலே உருளை எல்லாரையும்விடச் சத்தமாக அழுதான். பிஸ்கட் டின் அம்மாவின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே போனது.

முதல் வாரம் வீடு வீடாகவே இல்லை. எங்கே திரும்பினாலும் அம்மா இல்லாத இடமாகத்தான் இருந்தது. தும்பி பள்ளிக்கூடம் விட்டு வந்து, முட்டுக்கொடுத்த நாற்காலியில் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தும்பி அப்படி உட்கார்ந்து அப்பா பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பெயிண்ட் டப்பாவோடு வந்தார். "வா, சுவருக்குப் பெயிண்ட் அடிப்போம். டேப் தழும்பெல்லாம் போயிடும். எழுந்திரு, நாற்காலியை அந்தப் பக்கம் போட்டுடலாம். அதுவும் ஒரு மாறுதலா இருக்கும்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அம்மா!

"இன்னிக்கு ஒரு வயசானவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னாருடி. எனக்கு ஒரு நொடி வார்த்தை பிடிபடல. கண்ணை இமைச்சேன். நேரா நம்ம வீட்டுக்கு வந்துட்டேன். கதவைத் திறந்து, உள்ள வந்து, வலதுபக்கம் திரும்பி... அப்புறம்தான் அவரோட ஜன்னலைத் திறந்தேன்."

தும்பி போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். "அடிக்கடி வர்றியாம்மா?"

"எண்ணல. கரண்டிக்கு ஒரு தடவை, சோப்புக்கு ஒரு தடவை, துண்டுக்கு ரெண்டு தடவை. இன்னிக்கு நாற்காலிகிட்ட மட்டும் அஞ்சாறு தடவை வந்திருப்பேன்."

தும்பி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பாதி தூரம் போயிருந்தார்.

"அப்பா! அந்த நாற்காலியை நகர்த்தாதீங்க!"

அப்பா அப்படியே நின்றார். "ஏன், என்ன ஆச்சு?"

"அம்மா அங்கதான் வந்து வந்து போறா. வந்து பாக்கும்போது அது இல்லன்னா என்ன பண்ணுவா?"

அப்பா நாற்காலியைப் பத்திரமாகக் கொண்டுவந்து கீழே வைத்தார். பிறகு பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அதன் நாலு காலைச் சுற்றியும் தரையில் கோடு போட்டார். பெயிண்ட் காய்ந்ததும் அதே இடத்தில் வைக்கவேண்டும் அல்லவா?

தும்பி குனிந்து பார்த்தாள். நாற்காலி ஒரு விரல் அளவு வலதுபக்கம் தள்ளி நின்றிருந்தது. அதை அதன் இடத்துக்கு நகர்த்தினாள். அட்டை முட்டைச் சரியாகச் செருகினாள். அப்பா போட்ட கோட்டை அழித்துவிட்டு அவளே புதிதாகப் போட்டாள்.

"இப்ப சரி" என்று சொல்லிவிட்டு, ஜன்னலைத் துடைக்க ஓடினாள்.